சுத்திகரிப்பு நிலையத்தின் வரலாற்றில் தொழிலாளி எங்கே?

சில மாதங்களுக்கு முன் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தோம். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தொல்லை. பொறியாளர் பொறுமையாகச் சுற்றிக்காட்டினார். அலுவலக அறையின் சுவரில் ஒரு கரும்பலகை. உள்ளே வந்த நீரின் தரம், வெளியே போன நீரின் தரம், ஓடிய மோட்டார்கள், செலவான மின்சாரம் எல்லாம் தேதிவாரியாகச் சாக்பீஸில் எழுதியிருந்தது. எண்கள் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரை போயின.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், இங்க மொத்தம் எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

அவர் சற்று யோசித்தார். "எங்க ஆளுங்க ஏழு பேரும்மா. மத்தவங்கல்லாம் கான்ட்ராக்ட். அது கூடக் குறைய இருக்கும்."

திரும்பி வரும் பேருந்தில் எங்கள் பேச்சு முழுக்க அந்தக் "கூடக் குறைய" பற்றித்தான். நீருக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு வைக்கத் தெரிந்த ஓர் அமைப்புக்கு, அதே வளாகத்தில் நிற்கும் மனிதர்களை எண்ணத் தெரியாமல் போனது எப்படி? அந்தப் பொறியாளரைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவங்களில் அந்தக் கேள்வி இல்லை. ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னே போகவேண்டும். சென்னையிலிருந்தே தொடங்கலாம்.

1865இல் கேப்டன் ஹெக்டர் டுல்லக் என்ற பொறியாளர் மதராஸ் நகரத்துக்கு வடிகால் திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அப்போது நகரத்தின் மலத்தை வாளியிலும் கூடையிலும் வண்டியிலும் சுமந்தவர்கள் நம் மக்கள். அரசு ஏடுகளில் அவர்களுக்குப் பெயர் கிடையாது; தோட்டி என்ற ஒற்றைச் சொல்தான். தெலுங்கு பேசும் பகுதிகளிலிருந்து வந்த தலித் குடும்பங்களும் அருந்ததியர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையில் நிறுத்தப்பட்டார்கள். நகரம் வளர்ந்தபோது காலரா பயம் வெள்ளையர் பகுதிகளையும் எட்டியது. மூடிய குழாய் வேண்டும் என்ற முடிவு அந்தப் பயத்திலிருந்து வந்தது. மலம் சுமந்தவரின் தலையை நினைத்து எவரும் குழாய் பதிக்கவில்லை.

திட்டம் உருப்பெற அரை நூற்றாண்டு ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் மதராஸ் மாநகராட்சிக்கு வந்து குடிநீர், வடிகால் திட்டங்களை வகுத்தார். 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது அவர் காலத்தில்தான். தி.நகரில் மேட்லி சாலை வழியாகப் போகிறவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழாய்களுக்குள் இறங்கியவர்கள் பெயரில் ஒரு சந்துகூட எங்கள் கண்ணில் பட்டதில்லை.

இந்தத் திட்டத்தில் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய ஓர் எண் இருக்கிறது. 1910இல் கழிவுநீர்க் குழாய்களை வடிவமைத்தபோது, 1961இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாய் தாங்கும் அளவைவிட அதிகக் கழிவு வந்தால் என்ன ஆகும்? வேகம் குறையும், மண் படியும், அடைக்கும். அடைப்பை எடுக்க மூங்கில் பிளாச்சும், அதுவும் எட்டாத இடத்தில் மனித உடலும் பயன்பட்டன. காகிதத்தில் போட்ட கணக்குக்கும் தெருவில் இருந்த கூட்டத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள். மலக்குழி மரணம் என்று இன்று நாம் சொல்வதற்குச் சாதி ஒரு வேர் என்றால், இந்தக் குறைந்த குழாய்க் கணக்கு இன்னொரு வேர். மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. சாதியை மட்டும் பேசினால் பொறியியல் தப்பித்துக்கொள்கிறது. பொறியியலை மட்டும் பேசினால், அடைப்பெடுக்க ஏன் எப்போதும் ஒரே சேரி ஆட்களே அழைக்கப்பட்டார்கள் என்ற கேள்வி காணாமல் போகிறது.

அன்றைக்குச் சேர்ந்த கழிவெல்லாம் எங்கே போனது? நீரேற்று நிலையங்கள் வழியாக வடக்கே கொடுங்கையூர்ப் பக்கம் தள்ளி, நிலத்தில் பாய்ச்சினார்கள். கழிவுநீர்ப் பண்ணை என்று பெயர். தீவனப் புல் வளர்ந்தது. பின்னாளில் நகரத்தின் குப்பை மேடும் அதே கொடுங்கையூருக்கு வந்தது. வடசென்னையை எதற்கு வைத்துக்கொண்டோம் என்று நகரம் ஒருபோதும் மறைத்ததில்லை.

இதற்கிடையில் இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. அவை நம் ஊர் நகராட்சி வரை வந்து சேர்ந்ததால் சொல்லவேண்டியிருக்கிறது. 1912இல் கழிவுநீர் பற்றிய அரச ஆணையம் ஓர் அளவுகோலை முன்வைத்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது என்றது. பி.ஓ.டி. என்றால், நீரில் உள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு. அங்கே ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் ஊர் வெப்பத்தில் வேலை சீக்கிரம் நடப்பதால் 27 டிகிரியில் மூன்று நாள். இரண்டாவது, 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் கண்ட முறை. கழிவுநீருக்குள் தொடர்ந்து காற்றைச் செலுத்தி, அடியில் படியும் கசடை வெளியே எறியாமல் திரும்பத் திரும்ப அதே தொட்டிக்குள் விட்டால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் அழுக்கைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடுகின்றன. இன்றைக்கும் நம் பெரிய நிலையங்கள் பலவற்றில் ஓடுவது இந்த முறையோ இதன் வாரிசுகளோதான்.

நாங்கள் பார்த்த நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் சல்லடைக் கம்பிகள். ஷாம்பு பாக்கெட், நாப்கின், துணி, தலைமுடி எல்லாம் அங்கே சிக்கும். இயந்திரச் சல்லடை இருந்தது, ஆனால் அன்றைக்கு ஓடவில்லை. நீண்ட பிடி வைத்த இரும்பு வாரியால் ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையுறை ஒன்று மட்டும், இடது கையில். அடுத்து மணல் படியும் தொட்டி. அதன் பிறகு முதல்நிலைத் தெளிவுத் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, மறுபடி தெளிவுத் தொட்டி, கடைசியில் குளோரின். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து அளவு ஜாடியில் அரை மணி நேரம் வைப்பார்கள். எவ்வளவு கசடு அடியில் படிகிறது என்பதைப் பார்த்தே அனுபவமுள்ள ஆபரேட்டர் நிலையம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அங்கே இருந்த ஆபரேட்டர் பெரியவர் அப்படிச் சொன்னார். பட்டயமோ பட்டமோ இல்லாதவர். பதினெட்டு வருடம் அதே தொட்டியைப் பார்த்தவர். ஒப்பந்தம் மூன்று முறை கைமாறியும் அவர் மாறவில்லை. மாறியது அவருடைய வருங்கால வைப்புநிதி எண் மட்டும்.

கசடின் கதை தனி. காற்றில்லாத செரிப்பானில் அதை வாரக்கணக்கில் வைத்தால் மீத்தேன் வரும். பெரிய நிலையங்கள் அதிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அதே காற்றில்லாத இடத்தில்தான் ஹைட்ரஜன் சல்பைடும் பிறக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கு ஐந்தாறு மடங்கு ஏறினால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். "நாத்தம் இல்லையே, இறங்கலாம்" என்று சொல்லி இறங்கியவர்கள் செத்தது இதனால்தான். விழுந்தவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் மச்சானும் சேர்ந்து சாவதும் இதனால்தான். குடியால் மயங்கினார் என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதவரும் காவலரிடம் இந்த வேதியியலைச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கவேண்டும்.

இனி சட்டங்கள். 1974இல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. நீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி, கேட்டுத் தீர்மானம் போட்ட மாநிலங்களுக்கு மட்டுமே முதலில் அது பொருந்தியது. அந்தப் பன்னிரண்டு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல்தான் அமைந்தது. அதற்குள் நெசப்பாக்கத்திலும் கோயம்பேட்டிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. 1978இல் சென்னைக் குடிநீர் வாரியமும் வந்துவிட்டது.

அதே 252ஆம் பிரிவு 1993இல் மறுபடி வருகிறது. கையால் மலம் அள்ளும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்த முதல் சட்டமும் ஆறு மாநிலங்களின் தீர்மானத்தோடுதான் தொடங்கியது. அந்த ஆறிலும் தமிழ்நாடு இல்லை. சமூகநீதி பற்றி மேடையில் பேசப்படும்போதெல்லாம் எங்களுக்கு இந்த இரண்டு பட்டியல்களும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. அந்த 1993 சட்டம் உலர் கழிப்பிடங்களைப் பற்றி மட்டுமே பேசியது. உலர் கழிப்பிடம் போய்த் தண்ணீர் ஊற்றும் கழிப்பிடம் வந்ததும் மலம் மறைந்துவிடவில்லை. குழாய்க்கும் செப்டிக் டேங்க்குக்கும் போனது. தெருவில் கூடையோடு தெரிந்த வேலை மண்ணுக்கு அடியில் போனது. குழிக்குள் இறங்குவதைச் சட்டம் பெயர் சொல்லிக் கண்டுகொள்ள 2013 வரை இருபது ஆண்டுகள் ஆயின.

நீர்ச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது புரியும். நிலையம் கட்ட ஓர் இசைவாணை வேண்டும், இயக்க இன்னோர் இசைவாணை வேண்டும். இசைவாணையில் எவ்வளவு நீர், எங்கே விடலாம், என்ன தரத்தில் என்பதெல்லாம் நிபந்தனைகளாக வரும். வாரிய அலுவலர் மாதிரி எடுப்பார். மீறினால், 1988 திருத்தம் தந்த 33ஏ பிரிவின்படி மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம். தோல் தொழிற்சாலைக்கு இது பயம்தான். ஊரின் கழிவுநீர் நிலையத்துக்கு? அதன் மின்சாரத்தைத் துண்டித்தால் அன்றைய கழிவு முழுவதும் அப்படியே ஆற்றுக்குப் போகும். மாசுபடுத்துவதும் அரசின் ஒரு கை, கேள்வி கேட்பதும் இன்னொரு கை. எனவே நோட்டீஸ், பதில், மறுபடி நோட்டீஸ் என்று கோப்பு தடிக்கும்.

தர அளவுகளுக்கும் ஓர் இழுபறி வரலாறு இருக்கிறது. பி.ஓ.டி. வரம்பு 30 என்று 1986 சட்டத்தின் விதிகளில் இருந்தது. 2015இல் 10 ஆக இறுக்க மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2017 அறிவிக்கையில் அதுவே தளர்ந்து, பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று ஆனது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுபடி 10 என்றது. மறுபுறம் நிலவரம் என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,000 மில்லியன் லிட்டரைச் சற்றே தாண்டும். பத்தா முப்பதா என்று வழக்காடிய ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு நெருக்கமான கழிவு எந்த அளவுகோலுக்கும் உட்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நீண்ட ஏற்பாட்டில், இசைவாணை முதல் தீர்ப்பாயம் வரை, குழாயின் வெளி முனையில் நிற்கும் நீரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். சல்லடைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கையுறையோடு நிற்பவரைப் பார்க்கும் அதிகாரம் மாதிரி எடுக்க வரும் அலுவலருக்குத் தரப்படவில்லை. அது வேறு துறை, வேறு சட்டம். 2013 சட்டம் பாதுகாப்புக் கருவியில்லாமல் குழியில் இறக்குவதைத் தடைசெய்கிறது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கருவி கொடுத்தோம் என்று காட்டிவிட்டால் அது "அபாயகரமான துப்புரவு" என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதன் விதிகள் ஆள் இறங்க அனுமதிக்கும் சில விதிவிலக்குகளில் ஒன்று, உறிஞ்சு கிணற்றின் அடியில் பொருத்திய நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது. நீரேற்று நிலையங்களில் அடிக்கடி நடக்கும் வேலை அது. பட்டியலில் இல்லாத சூழல்களில் இறக்கவேண்டுமானால் தலைமை அலுவலரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் காரணமும் வேண்டும். எழுத்தில் அப்படி ஓர் அனுமதியை இதுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. மோட்டாரை எடுப்பதை மட்டும் பார்த்திருக்கிறோம்.

2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் பதிவுகளில் 1993க்குப் பிந்தைய இறப்புகள் தமிழ்நாட்டில் மட்டும் 200க்கு மேல், மாநிலங்களில் முதலிடம். இந்த வேலையில் இருப்பவர்களை ஒன்றிய அரசே கணக்கெடுத்து 2024இல் வெளிவந்த விவரப்படி, சுமார் 38,000 பேரில் பட்டியல் சாதியினர் 68.9 விழுக்காடு.

இப்போது நிலையங்கள் தனியார் வளாகங்களுக்குள்ளும் வந்துவிட்டன. 2006 அறிவிக்கைக்குப் பின் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதன் நிபந்தனையாகச் சுத்திகரிப்பு நிலையமும் வரும். பெரும்பாலும் அடித்தளத்தில், கார்களுக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத இடத்தில். 2018 செப்டம்பர் 9 அன்று தில்லி மோத்தி நகரின் ஓர் அடுக்ககத்தில் அப்படிப்பட்ட தொட்டியில் ஐந்து பேர் இறந்தார்கள். குடியிருப்போர் சங்கம், பராமரிப்பு நிறுவனம், அதன் துணை ஒப்பந்ததாரர் என்று பொறுப்பு கை மாறிக்கொண்டே போகும் இடங்கள் இவை. நாம் நகராட்சி வாசலில் நின்று கத்திப் பழகியவர்கள். அடுக்ககத்தின் வாசலில் வாட்ச்மேனே நம் சொந்தக்காரராக இருக்கிறார், அவரைத் தாண்டி உள்ளே போகமுடிவதில்லை.

சரி, எல்லாச் சட்டமும் கைவிட்டதா என்று தேடிப் பார்த்தபோது, நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு வரி கிடைத்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டம், "உற்பத்திச் செயல்முறை" என்பதற்கான வரையறை. எண்ணெய், நீர், கழிவுநீர் ஆகியவற்றை இயந்திரத்தால் ஏற்றுவதும் அதில் அடக்கம். கழிவுநீர் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அந்தச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்து பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாக இருந்தது. தொழிற்சாலை என்றால் 36ஆம் பிரிவு வந்தது: நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், குழிக்குள், குழாய்க்குள், போதிய வழியும் சோதனையும் இல்லாமல் எவரையும் இறக்கக்கூடாது. ஆய்வாளர் வரவேண்டும், பதிவேடு வைக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த எண்ணிக்கையில் சேர்வார். சுதந்திரம் வந்த மறு ஆண்டே எழுதப்பட்ட வரி இது. அந்தச் சட்டத்தின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ பத்து என்ற வரம்பை இருபதாக்கிவிட்டது.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது திரும்பிப் போகலாம். ஏழு பேர் என்றால் அது தொழிற்சாலை அல்ல. ஏழும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்தால் பழைய வரம்பைத் தாண்டுமா, புதிய வரம்பைத் தாண்டுமா என்பதில் ஓர் ஆய்வாளர் அந்த வாசலுக்குள் வருவதும் வராததும் இருக்கிறது. "கூடக் குறைய" என்பது ஞாபக மறதியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மறதியால் யாருக்கு லாபம் என்று நாம் பார்க்கவேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் மாணவர்களே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினார்கள். இரண்டே கேள்விகள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் வெளியேறிய நீரின் பரிசோதனை முடிவுகள் என்ன? அதே பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொரு நாளும் வளாகத்துக்குள் வேலை செய்த மொத்த ஆட்கள் எத்தனை, அவர்களில் யாராவது கிணற்றிலோ தொட்டியிலோ இறங்கியிருந்தால் அதற்கான எழுத்து அனுமதியின் நகல் எங்கே?

முதல் கேள்விக்கு 41 பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, கையொப்பம். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி: "கோரப்பட்ட தகவல் ஒப்பந்ததாரர் வசம் உள்ளதால் வழங்க இயலவில்லை."

தனியார் அமைப்பிடமிருந்து ஒரு பொது அதிகார அமைப்பு வேறு சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய தகவலும் தகவல்தான் என்று அதே சட்டத்தின் 2(எஃப்) பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீட்டை அனுப்பிவிட்டோம். இந்த முறை கையெழுத்துப் போட்டது அந்த மாணவி. உங்கள் ஊர் நிலையத்துக்கும் இதே இரண்டு கேள்விகளை அனுப்ப விரும்பும் தோழர்கள் எழுதுங்கள், மனுவின் நகலை அனுப்பிவைக்கிறோம்.